இல்லை என்று சொன்ன தொலைபேசி

அப்பாவுக்கு ‘இல்லை’ என்ற சொல் வாயில் வராது. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் பாத்திரக்கடை போட்டவர். கேட்ட பொருள் கடையில் தீர்ந்துபோயிருந்தாலும் வந்தவரிடம் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது என்பது அவருடைய தொழில் தர்மம். ‘நாளைக்கு வருது’ என்பார். ‘அதைவிட நல்லதா ஒண்ணு காட்டுதேன்’ என்பார். வீட்டிலும் அதே சட்டம். அரிசி தீர்ந்தால் அம்மா ‘அரிசி நிறைஞ்சிருக்கு’ என்றுதான் சொல்வாள். வீட்டுப்பாட நோட்டு எங்கே என்று கேட்ட டீச்சரிடம் ‘நாளைக்கு வருது மிஸ்’ என்று சொல்லி வகுப்புக்கு வெளியே நின்றவள் நான்.

இப்படிப்பட்ட வீட்டைத்தான் தொல்லை அழைப்புக்காரர்கள் தேடிப் பிடித்தார்கள். நான் நாலாம் வகுப்பு படித்த வருடம் அது. எங்கள் வீட்டு லேண்ட்லைன் எண் கடையின் மஞ்சள் பை ஒவ்வொன்றிலும் அச்சாகி ஊர் முழுக்கப் போயிருந்ததால் அதை மாற்றும் பேச்சுக்கே இடமில்லை. மனை விற்பவர்கள், கடன் தருபவர்கள், பரிசு விழுந்திருப்பதாகச் சொல்பவர்கள் என்று யார் கூப்பிட்டாலும் அப்பா முதலில் சாப்பிட்டாச்சா என்று விசாரிப்பார். செங்கல்பட்டு தாண்டி மனை விற்ற ஒருவரிடம், மனை வாங்குகிறவர்கள் வீடு கட்டினால் பால் காய்ச்சப் பாத்திரம் வேண்டும், எல்லோரையும் நம் கடைக்கு அனுப்புங்கள் என்று அரைமணி நேரம் பேசினார். யார் யாரிடம் விற்கிறார்கள் என்று எனக்கே குழம்பிப்போனது.

போனில் எண்ணைக் காட்டும் சின்னத் திரை ஒன்று இருந்தது. தெரியாத எண் வந்தால் அம்மா எடுக்காமல் விட்டுப் பார்த்தாள். உடனே அவர்களும் தேறிவிட்டார்கள். திரையில் பக்கத்துத் தெரு எண் போலவே வரும். எடுத்தால் இந்தி கேட்கும். ஒருநாள் எங்கள் எண்ணிலிருந்தே எங்களுக்கு அழைப்பு வந்தது. அப்பா எழுந்து நின்று மரியாதையாக எடுத்தார்.

அதைவிடக் கூத்து, எங்கள் எண்ணைப் போட்டு யாரோ மற்றவர்களுக்கும் பேசிக்கொண்டிருந்ததுதான். நொச்சிக்குப்பத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டுக் கத்தினார்.

“இன்னா சார், காலைலேர்ந்து நாலு தபா போன் பண்ணி லோன் வேணுமா, லோன் வேணுமான்னு கேட்டுக்கினு கீற. உனக்கு வேற வேலையே கெடையாதா?”

நாங்கள் கூப்பிடவில்லை என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. நேரில் வாங்க அண்ணே, பேசிக்கிடலாம் என்று கடை முகவரியைக் கொடுத்தார். அவர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு சண்டைக்கே வந்தார். போகும்போது கையில் ஒரு பெரிய அன்னக்கூடை இருந்தது.

இதற்கெல்லாம் ஒரு முடிவு கட்டியவள் அக்கா. கல்லூரிக் கடைசி வருடத்தில் இருந்தாள். கம்பெனிகளுக்கு நாம் போன் செய்தால் இயந்திரம் பேசுகிறது, நமக்குப் போன் செய்கிறவர்களிடமும் இயந்திரமே பேசட்டும் என்றாள். இயந்திரம் நான்தான். பள்ளிப் பிரார்த்தனையில் செய்தி வாசிக்கும் குரல் என்று எனக்கு ஏற்கெனவே கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அக்கா எழுதிக் கொடுத்ததை மூக்கால் வாசிப்பேன்.

“வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. மனை விற்பவர்கள் ஒன்றை அழுத்தவும். கடன் தருபவர்கள் இரண்டை அழுத்தவும். மற்றவர்கள் காத்திருக்கவும்.”

பிறகு எவர்சில்வர் தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டுவேன். அதுதான் காத்திருப்பு இசை. அரை நிமிடத்துக்கு மேல் தாங்கியவர் எவருமில்லை. கடையிலிருந்த அப்பாவுக்கு மட்டும் விஷயம் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் அக்காவைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். ஊர்ப்பக்கம் பெரிய ஜவுளிக்கடைக் குடும்பம். அப்பா அவர்களிடம் அப்போதே சரி சொல்லிவிட்டார். வேறு எதுவும்தான் அவருக்கு வராதே. உனக்குச் சம்மதம்தானே என்று அக்காவைக் கேட்டபோது அவளும் ‘ம்’ என்றாள். மேல்படிப்பு விண்ணப்பம் ஒன்றை அவள் பீரோவில் துணிக்கடியில் வைத்திருந்தது எனக்குத் தெரியும். ஆனால் அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாது.

மாப்பிள்ளையின் அப்பா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனில் முடிவு சொல்வதாக ஏற்பாடு. அவர்கள் வீட்டு எண்ணை அப்பா, போனுக்கு மேலே மாட்டியிருந்த காலண்டரில் பெரிது பெரிதாக எழுதிவைத்தார். ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு வரை ராகுகாலம். ஆகவே ஆறு மணிக்கு மேல்தான் கூப்பிடுவார்கள் என்று கணக்குப் போட்டு, நாலு மணிக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு பாண்டி பஜாருக்கு லட்டும் பூவும் வாங்கப் போனார். ராகுகாலம் தொடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அந்தப் பெரியவர் கணக்குப் போட்டிருந்தார்.

நாலு இருபதுக்கு மணி அடித்தது. அக்கா ஓடிப்போய்த் திரையைப் பார்த்தாள். காலண்டரை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

“ஏட்டி, அந்த மனை விக்கிறவன்தான். நீ எடு” என்றாள். இன்றைக்கு வணக்கத்துக்கு முன்னால் புதிதாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளச் சொன்னாள்: நீங்கள் கேட்பது எங்களிடம் இல்லை.

அந்தச் சொல்லைச் சொல்லலாமா என்று கேட்டேன்.

“மெஷின்தானே சொல்லுது. நீயா சொல்லுதே?”

நீங்கள் கேட்பது எங்களிடம் இல்லை என்று ஆசை தீரச் சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வயதான குரல் ‘அண்ணாச்சி இருக்காகளா?’ என்றது. இயந்திரம் பதில் சொல்லக் கூடாது என்பதால் மேலே வாசித்தேன். பெரியவர் பொறுமையாக ஒன்றை அழுத்தினார். பிறகு இரண்டை அழுத்தினார். பிறகு காத்திருந்தார். நான் கை வலிக்க வலிக்கத் தாம்பாளத்தைத் தட்டினேன். இவ்வளவு நல்ல மனை விற்பவரை நான் பார்த்ததே இல்லை.

ஆறரை வரை போனையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா, பொறுக்கமாட்டாமல் தானே கூப்பிட்டார். ‘அப்படியா, அப்படியா’ என்று நாலைந்து முறை சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தார்.

“நல்ல நேரம் பாத்துப் பேச வந்தா, எடுத்த எடுப்புல இல்லைன்னு காதுல விழுந்துச்சாம். இனிமே இது சரிப்படாதுங்காக” என்று அம்மாவிடம் சொன்னார்.

நான் ஓவென்று அழுது ஒப்புக்கொண்டேன். அக்கா சொல்லித்தான் எடுத்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. திரையில் பொய் எண் வருவது வழக்கமாயிற்றே, அவளும் பாவம் ஏமாந்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்பா என்னைத் திட்டவில்லை. “அந்த வார்த்தையா சொன்னே?” என்று மட்டும் கேட்டார். அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

அடுத்த மாதம் அக்கா விண்ணப்பத்தை அப்பாவிடம் நீட்டினாள். அவரும் வழக்கம்போலச் சரி என்றார்.

எங்கள் வீட்டில் ஒருவருக்கும் வராத சொல் அக்காவுக்கும் வரவில்லை, அதனால் என்னைச் சொல்ல வைத்தாள் என்பது எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின. அந்த ஞாயிறு ராத்திரி லட்டுப் பெட்டியைத் திறந்து அவள் வரிசையாக நாலு லட்டு தின்றாள். ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடாதவள், கல்யாணம் நின்ற துக்கத்தில் தின்கிறாள் என்று நினைத்து, அழுதுகொண்டே என் பங்கு லட்டையும் அவள் கையில் வைத்தேன்.