சகினா பீபியின் பத்தியம்

கச்சேரி ரோட்டுப் பக்கத்தில் சகினா பீபி வீட்டுப் பம்பளிமாஸைத் தின்னாதவர் யாராவது உண்டென்றால், அது சகினா பீபி ஒருத்திதான். கொல்லையில் நின்ற அந்த மரம் காய்த்துத் தள்ளியது. தலை பருமன் பழங்களைப் பறித்து மதில்மேல் வைத்துவிடுவாள். வேண்டியவர்கள் எடுத்துப் போவார்கள். பீபிக்குத் தாராளக் கை என்பார்கள். நீ ஏன் தின்பதில்லை என்று ஒருவரும் கேட்டதில்லை. ஓசிப் பழம் வாங்குகிறவர்களுக்கு அந்த விசாரணையெல்லாம் எதற்கு?

காரணம் ஹகீம் மெஹபூப் அலி. புருஷன் இறந்த மறு வருஷம், 1931-ல், அவளுக்கு வயிற்றில் புண் வந்தது. சாப்பிட்டாலும் எரிச்சல், சாப்பிடாவிட்டாலும் எரிச்சல். ராயப்பேட்டையிலிருந்து ஹகீம் ஜட்காவில் வந்து நாடி பார்த்து லேகியம் கொடுத்தார். புளிப்புப் பட்டால் மருந்து முறிந்துவிடும், புண்ணும் ஆறாது என்று பத்தியம் வைத்தார். புளி, எலுமிச்சை, மோர், பழம் எதுவும் ஆகாது. பத்தியம் வைத்தவரே அதை விலக்கவும் வேண்டும். நோயாளி தன் இஷ்டத்துக்கு விலக்கிக்கொள்வது வழக்கமில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வருவார். மருந்துப் பெட்டியைத் திறக்குமுன், "இந்த வாரம் என்னென்ன சாப்பிட்டீங்க, சொல்லுங்க" என்பார். கஞ்சி, ரொட்டி, பால் என்று அவள் திரைக்குப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்வாள். அவர் அவசரமில்லாமல் கேட்பார். குல்லாய் தைத்துக்கொண்டு தன்னந்தனியாகக் கிடந்தவளுக்கு அந்தக் கேள்வியே பாதி வைத்தியம்.

சில மாதங்களில் ஹகீம் மாரடைப்பில் இறந்துபோனார். எரிச்சல் நின்றது, பத்தியம் நிற்கவில்லை. விலக்கச் சொல்ல ஆள் ஏது? வருஷங்கள் போயின. தனக்கென்று காய்கறி சமைக்கவும் அலுத்துப்போய், கடைசியில் கஞ்சியும் ரொட்டியும்தான் மிஞ்சின.

பக்கத்துக் குடித்தனக்காரி செண்பகம் பங்களாக்களில் பாத்திரம் தேய்ப்பவள். ஒருநாள் மதில்மேல் பழம் எடுக்க வந்தவள் சகினாவின் வாயைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா பீபியம்மா, பல்லெல்லாம் ரத்தமா கீது?"

மறுநாளே பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். லேடி டாக்டர் ஈறைப் பார்த்தாள், காலில் கன்றியிருந்த நீலத்தைப் பார்த்தாள், என்ன சாப்பாடு என்று கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"வயித்துப் புண் எப்பவோ ஆறிப்போச்சு. பழமே சாப்பிடாததாலதான் ஈறு இப்படி ஆயிடுத்து. விட்டா உயிருக்கே ஆபத்து. தினம் அரை பம்பளிமாஸ் சாப்பிடுங்கோ. வெறும் வயித்துல வேண்டாம். திரும்ப எரிஞ்சா உடனே வாங்கோ."

வீட்டுக்கு வந்து செண்பகம் பழத்தை உரித்து வைத்தாள். சகினா தொடவில்லை.

"ஹகீம் சாப் சொன்னதை நான் முறிக்கணுமா? நான் என்ன சாப்பிட்டேன்னு கேட்ட மனுஷர் அவர் ஒருத்தர்தாம்மா."

செண்பகத்துக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கத்தான் கோபித்துக்கொண்டாள்.

"இனிமே நா கேக்கறேன். துன்னு."

சொன்னபடி கேட்டாள். வேலை விட்டு வந்ததும் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, "பழம் துன்னியா?" என்று ஒரு குரல். "தின்னேன்" என்று இங்கிருந்து பதில். சகினா அந்த நேரத்துக்கு ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பாள்.

ரத்தம் நின்றது. கால் நீலம் மறைந்தது. முகத்தில் தெளிவு வந்துவிட்டது. செண்பகமும் கேட்பதை விட்டுவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டில் ஆயிரம் வேலை, நோய் தீர்ந்தவளிடம் எதைக் கேட்பாள்?

பத்துப் பதினைந்து நாள் சகினா மதிலையே பார்த்திருந்தாள். அப்புறம் ஒரு சாயங்காலம், பழத்தைத் தின்று வாயைத் துடைத்துக்கொண்டு மதிலருகே போய் நின்றாள்.

"செண்பகம், நான் ஒரு வாரமா பழமே திங்கலம்மா."

அடுப்பை அப்படியே போட்டுவிட்டுச் செண்பகம் ஓடி வந்தாள். புத்தி கீதா உனுக்கு, மறுபடியும் ரத்தம் கொட்டணுமா என்று விளாசித் தள்ளினாள். சகினா பீபி ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல், அவள் திட்டி முடிக்கிறவரை கேட்டுக்கொண்டு நின்றாள்.