கேப்டன் கடலில் விழுந்தார்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரரைக் கடலில் தள்ளிவிட்டார்கள். ஹால் நிறைய ஜனம். அத்தனை பேரும் எழுந்து நின்று கத்தினார்கள். நான் விசிலே அடித்தேன்!

பதறாதீர்கள். திரையில்தான்.

போர்ட் பிளேரில் எங்கள் மரைன் ஹில் பக்கம் இருப்பவர்களுக்கு விளக்கமே வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் காலனியில் வருஷா வருஷம் பொங்கலுக்கு ஒரு சாகசப் படம் எடுப்போம். 'கேப்டன் செங்கோடன்' என்று பேர். கடத்தல்காரர்கள், புதையல், முதலை... எல்லாம் உண்டு. வசனம் பாதி தமிழ், பாதி நம்ம தீவு ஹிந்தி. முதல் படத்திலிருந்து கேப்டனாக நடிப்பவர் என் வீட்டுக்காரர் ராஜமாணிக்கம். நிஜத்தில் பஜாரில் பெயின்ட் கடை. முதல் படத்தில் இடுப்பில் பெல்ட் பளபளத்தது. இப்போதும் பெல்ட் போடுகிறார் — தொப்பைக்குக் கீழே எங்கோ இருக்கிறது.

இந்தப் படங்களில் ஒரு விநோத வழக்கம். நடிக்கிறவர்களில் பாதிப் பேர் கவர்ன்மென்ட் ஆட்கள். பாதி ஷூட்டிங்கில் ஆர்டர் வரும் — தெற்குக் கோடித் தீவில் இருக்கும் கேம்பல் பேக்கு டிரான்ஸ்ஃபர்! வில்லன் கப்பல் ஏறிப் போய்விட்டால் கதையை எப்படி முடிப்பது?

எங்கள் டைரக்டர் பால்பாண்டி அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். டிரான்ஸ்ஃபர் ஆனவர் கடலில் விழுந்துவிடுவார். ஒரு சுவர்மேல் நின்று "ஆஆஆ..." என்று அலறியபடி அந்தப் பக்கம் குதிக்க வேண்டும். அங்கே மெத்தை இருக்கும். தண்ணீர்ச் சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வார். ஷூட்டிங் முடிந்ததும் விழுந்தவருக்கு ஒரு மாலை, எல்லோருக்கும் பிரியாணி. அதுதான் சென்ட்-ஆஃப். படம் ஓடும்போது யாராவது விழுந்தால் ஹாலே எழுந்து "டிரான்ஸ்ஃபர்! டிரான்ஸ்ஃபர்!" என்று கத்தும்.

எலக்ட்ரிசிட்டியில் வேலை பார்த்த எங்கள் பெங்காலி அண்ணன் பிஸ்வாஸ் தாதா இப்படித்தான் விழுந்தார். என்ன வில்லன் தெரியுமா! அவர் சிரித்தால் குழந்தைகள் அழும். ஹீரோயின் லில்லி சிஸ்டரும் விழுந்தார். சமையல்காரனாக வந்த அப்பாராவும் விழுந்தான். விழுந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒருத்தர் கேட்டதில்லை. நானும்தான் கேட்டதில்லை.

இந்த வருஷம் பால்பாண்டி அண்ணன் கையை விரித்துவிட்டார். ரிட்டயராகிப் பல காலம், மனைவியும் போய்விட்டார், தூத்துக்குடியில் மகனோடு போய் இருக்கப் போகிறாராம். யாராவது எடுத்து நடத்துங்கள் என்றார். அப்போது கை தூக்கினாள் அனிதா.

பக்கத்துச் சிப்பிகாட் ஊரில் பிறந்து வளர்ந்த பெண். டூரிஸ்ட்டுகள் ஸ்கூபா டைவிங் போகும்போது கூடவே முங்கி, அவர்களை மீனோடு வீடியோ எடுத்துத் தருவதுதான் வேலை. "கடலைப் பத்தி இத்தனை படம் எடுத்திருக்கீங்க... கேமரா ஒரு தடவைகூட தண்ணிக்குள்ள போகலையே?" என்று கேட்டாள் பாருங்கள், எனக்குப் புல்லரித்துவிட்டது! முதல் ஓட்டு நான்தான் போட்டேன்.

ஓட்டுப் போட்ட வாரமே வீட்டுக்கு வந்தாள். காபி கொடுத்தேன்.

"அங்கிள், முதல் சீன்லயே நீங்க கடல்ல விழறீங்க."

இவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நானா? எனக்கு ஏதும்மா டிரான்ஸ்ஃபர்? நான் கடைக்காரன்!"

"இப்ப ஒண்ணும் கேக்காதீங்க அங்கிள். கப்பல் டிக்கெட் கன்ஃபார்ம் ஆகட்டும், சொல்றேன்." எழுந்து போய்விட்டாள்.

அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. "உன் டைரக்டர் வந்ததும் வராததுமா என்னைத் தூக்கிட்டா, பாத்தியா?" என்பார். "உன் டைரக்டர்" — சோறு போட்டாலும் உன் டைரக்டர், சோப்பு தீர்ந்தாலும் உன் டைரக்டர்! கண்ணாடி முன்னால் நின்று கேப்டன் தொப்பியை வைப்பார், எடுப்பார். கிண்டல் செய்ய வாயெடுத்தேன். முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. பஜாரில் இவரை யாரும் ராஜமாணிக்கம் என்று கூப்பிடுவதில்லை. "க்யா கேப்டன் சாப், கைசே ஹோ?" என்றுதான் நலம் விசாரிப்பார்கள். அது போய்விட்டால் மிஞ்சுவது பெயின்ட் டப்பாதானே? எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது.

யோசித்துப் பாருங்கள். புது ஆள் வந்தால் நமக்கு முதலில் வருவது என்ன? பயம்தானே! புது மேனேஜர், புது மருமகள், புது ஹெட்மாஸ்டர்... யார் வந்தாலும் நம் நாற்காலியைத்தான் முதலில் தூக்குவார்கள் என்று ஒரு நினைப்பு.

விழுகிற சீனுக்குக் கப்பல்துறை ஜெட்டிக்குப் போனோம். இவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மெத்தை எங்கேம்மா?"

"மெத்தை இல்ல அங்கிள். கடல்."

இங்கே ஒரு உண்மையைப் போட்டு உடைக்க வேண்டும். போர்ட் பிளேரிலேயே பிறந்து, இத்தனை வருஷம் கேப்டனாக இருந்தவருக்கு... நீச்சல் தெரியாது! அனிதா அலட்டிக்கொள்ளவில்லை. கோட்டுக்குள் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டாள். தெரிந்த பையன்கள் இரண்டு பேரைத் தண்ணீரில் காவலுக்கு நிறுத்தினாள். அவளும் கேமராவோடு முங்கிவிட்டாள். இவர் கண்ணை மூடிக்கொண்டு குதித்தார். அலறல் நடிப்பில்லை, ஒரிஜினல்.

ஏறி வந்தவரிடம் காலனி ஆட்கள் வழக்கப்படி மாலையை நீட்டினார்கள். பிரியாணியும் ரெடி. சொட்டச் சொட்ட நின்றபடி மாலையை வாங்கிக்கொண்டார். ஒரு வாய் சாப்பிடவில்லை. நான் நேரே அனிதாவிடம் போனேன். "ஏம்மா, தூக்கறதுன்னா சொல்லிட்டுத் தூக்கக் கூடாதா? மனுஷன் உடைஞ்சு போய்ட்டார்!"

அவள் திருதிருவென்று விழித்தாள். "யாரைத் தூக்கினாங்க ஆன்ட்டி?"

அப்புறம்தான் அவளுக்கு விஷயமே உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டாள். விழுந்தால் கதையில் ஆள் காலி என்பது எங்கள் வழக்கம். அவளுக்கோ கதையே அங்கிருந்துதான் ஆரம்பம்! பையிலிருந்து கப்பல் டிக்கெட்டுகளை எடுத்தாள். அன்று காலையில்தான் கன்ஃபார்ம் ஆகியிருந்தது.

"அங்கிள், இத்தனை பேர் கடல்ல விழுந்தாங்களே... எல்லாரும் எங்க போனாங்க? கேம்பல் பேக்குத்தானே! நீங்க விழுந்து, மிதந்து, அங்கதான் கரை ஒதுங்கறீங்க. எல்லாரும் அங்க உயிரோட இருக்காங்க. பிஸ்வாஸ் தாதாகிட்ட பேசிட்டேன், லீவு போட்டுட்டார். கடையைப் பூட்டிட்டுக் கிளம்புங்க!"

இவர் மாலையைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டுவிட்டு, "பிரியாணி இருக்கா?" என்றார்.

கப்பலில் நானும் தொற்றிக்கொண்டேன், விடுவேனா? கேம்பல் பே ஜெட்டியில் பிஸ்வாஸ் தாதா நின்றிருந்தார். தலை வெள்ளை. இவரைப் பார்த்ததும் அந்தப் பழைய வில்லன் சிரிப்பைச் சிரித்தார் பாருங்கள்... "அரே கேப்டன், இத்னா தேர்? கித்னே சால் ஸே வெயிட் கர் ரஹா ஹூம்!" எத்தனை வருஷமாகக் காத்திருக்கிறாராம்! இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். லில்லி சிஸ்டர் ஆஸ்பத்திரி டியூட்டி முடித்து ஓடி வந்தார். அப்பாராவ் அங்கேயே கல்யாணம் பண்ணிக் குடும்பமாகிவிட்டான். எங்கள் கூட்டத்தில் விழுந்தவர்கள் அங்கே ஒரு தெருவே இருக்கிறார்கள்!

ஞாயிற்றுக்கிழமை படம். கேப்டன் விழுந்ததும் ஹால் எழுந்து "டிரான்ஸ்ஃபர்!" என்று கத்தியது. திடீரென்று சத்தம் நின்றது. கேமரா கூடவே தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. நீலம், குமிழி, குறுக்கே ஒரு மீன் கூட்டம்... அப்புறம் மணல். மணலில் குப்புறக் கிடக்கும் கேப்டன். அவர் பக்கத்தில் வந்து நிற்கும் இரண்டு கால்கள். அந்தச் சிரிப்பு!

ஹாலில் கூரை பிய்ந்தது போங்கள். "தாதா! தாதா ஜிந்தா ஹை!" தாதா உயிரோடு இருக்கிறாராம்! யாரோ யாரையோ கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அப்போது அடித்ததுதான் முதலில் சொன்ன விசில்.

படம் முடிந்ததும் எல்லோரும் முன்வரிசையைப் பார்த்தோம். பால்பாண்டி அண்ணன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் கட்டிய கதையை நேற்று வந்த பெண் புரட்டிப் போட்டுவிட்டாளே... கோபமோ? மெதுவாக எழுந்து மைக்கைக் கேட்டார்.

"அனிதா, நான் இந்த வாரக் கப்பல்ல மெயின்லேண்ட் போறேன். திரும்பி வருவேனான்னு தெரியாது. எல்லாரையும் நான்தான் தள்ளிவிட்டேன். என்னை மட்டும் யாரும் தள்ளலையேம்மா..."

மறுநாள் காலையிலேயே தள்ளினோம். அதே ஜெட்டி, அதே லைஃப் ஜாக்கெட். காலனியே கரையில் நின்று "டிரான்ஸ்ஃபர்! டிரான்ஸ்ஃபர்!" என்று கத்தினோம். கத்தக் கத்த எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கி, இருமிக்கொண்டே கேட்டார்: "எப்பம்மா நான் கரை ஒதுங்கறது?"

"வர்ற பொங்கலுக்கு அண்ணா. வந்தே ஆகணும். கதை எழுதியாச்சு!" என்றாள் புது டைரக்டர்.

என் வீட்டுக்காரர் இப்போது நீச்சல் கிளாஸ் போகிறார். இருந்த ஒரே லைஃப் ஜாக்கெட்டைப் பால்பாண்டி அண்ணன் எங்கள் ஞாபகமாகத் தூத்துக்குடிக்கே கொண்டுபோய்விட்டாராம்!