இணைச்சீருக்குத் தைச்ச ஜாக்கெட்

மாசம் பதிமூணாயிரம் சம்பளம் வாங்கறவ ஒம்பதாயிரத்துக்கு ஜாக்கெட் தைச்சுப் போடறாளே, இது கொழுப்பா இல்லையான்னு என்கிட்ட கேக்காத ஆள் கிடையாது. எங்க ஊட்டுக்காரர் கேட்டிருக்கார். கீழ மருந்துக்கடை வெச்சிருக்கறவர் கேட்டிருக்கார். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னு சொல்லிச் சிரிப்பாங்க. நானும் கொஞ்ச நாள் சேந்து சிரிச்சவதான். இப்ப யாராவது அப்படிக் கேட்டா எனக்குச் சுருக்குனு கோவம் வருது. கோவத்துக்கு அடியில பயம் இருக்குது. அது ஒரே ஒரு ஜாக்கெட்டால வந்த பயம்.

போத்தனூர்ல ஸ்டேஷனுக்குப் போற ரோட்டுல, மாடியில ஒரு ரூமு எடுத்து நான் கடை போட்டு எட்டு வருசமாச்சு. ஆரி வேலைதான் என்ர பொழப்பு. சட்டத்துல துணிய இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியில ஜரிகையும் மணியும் கோத்துப் பூவும் மயிலும் போடறது. போர்டுல ‘டிசைனர் ப்ளவுஸ்’னு எழுதி வெச்சிருக்கேன். வர்றவங்கள்ல பாதிப் பேர் மில்லுக்குப் போறவங்க, ஆஸ்பத்திரியில கூட்டிப் பெருக்கறவங்க, பெட்ரோல் பங்க்ல நிக்கறவங்க. காருல வந்து எறங்கறவ அரை மணி நேரம் பேரம் பேசுவா. இவங்க பேச மாட்டாங்க. நல்லா இருக்கணுமுங்க, அவ்வளவுதான்னு சொல்லிட்டுப் போயிருவாங்க.

கந்தையானாலும் கசக்கிக் கட்டுன்னு சொன்னவன் எந்தக் கல்யாண மண்டபத்துலயும் கால் வெச்சிருக்க மாட்டான். கசக்கிக் கட்டிட்டுப் போனா எங்க நிக்க வெப்பாங்கன்னு எனக்குத் தெரியும். எங்கப்பா கிணத்துக்கடவு சுத்துல தோப்பு தோப்பாப் போய்த் தேங்காய் உரிச்சவர். தோப்புக்காரங்க ஊட்டுக் கல்யாணத்துக்குச் சலவைச் சட்டை போட்டுக்கிட்டுத்தான் போவார். சாப்பிட்டு முடிச்ச பந்தியில எலை எடுக்கச் சொல்லிக் கூப்பிடுவாங்க. சட்டைக் கைய மடிச்சு விட்டுக்கிட்டு எடுப்பார்.

அவ என்ர கடைக்கு வந்தது ஒரு மாசி மாசம். முப்பத்தஞ்சு வயசு இருக்கும். மோட்டாருக்குக் காயில் சுத்தற கம்பெனியில வேலை. ஊட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டறவர். அப்பனாத்தா ரெண்டு பேரும் இல்லை, ஒரே தம்பி. காடு தோட்டமெல்லாம் தாத்தன் காலத்தோட போயிருச்சு. தம்பி படிச்சுப் பெங்களூர்ல வேலைக்குப் போய், அன்னூர்ப் பக்கம் நல்ல வசதியான எடத்துல பொண்ணு அமைஞ்சிருக்குது. வைகாசியில கல்யாணம். இணைச்சீருக்கு நாந்தான் நிக்கோணும், அதுக்கு ஒரு ஜாக்கெட் வேணுமுங்கக்கான்னா.

அவங்க ஆளுங்க ஊட்டுக் கல்யாணத்துல மாப்பிள்ளைக்கு இணைச்சீர்னு ஒண்ணு செய்வாங்க. கூடப் பொறந்தவ தலையில கூடைய வெச்சு ஒரு கையால புடிச்சுக்கிட்டு, பொண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையோட ஒரு முனைய இன்னொரு கையில வாங்கிக்கிட்டு, மாப்பிள்ளை பக்கத்துல நிக்கணும். மொத்த மண்டபமும் அவளைப் பாக்கும். கூடப் பொறந்தவ இல்லாட்டி பங்காளி ஊட்டுல இருந்து ஒருத்திய நிக்க வெப்பாங்க. ஆனா இருக்கறப்ப இன்னொருத்தி நின்னா அவளுக்கு அதைவிடக் கேவலம் வேற இல்லை.

போன்ல படத்தைக் காட்டுனா. முழங்கை வரைக்கும் கை, ரெண்டு கையிலயும் அன்னம், முதுகுல கோபுரம். அம்மணி, இது ஒம்பதாயிரம் ஆகும், யோசிச்சுக்கன்னேன். அப்பத்தான் அதைச் சொன்னா. பொண்ணு ஊட்டுல ஒரு புண்ணியார்ச்சனை, அதாங்க, புது ஊடு குடி போறது. சம்பந்தம் பேசுன புதுசு. இவ சாதாச் சேலை, சாதா ஜாக்கெட்ல போயிருக்கறா. பொண்ணோட அத்தைக்காரி இவ கையில எச்சி டம்ளரா அடுக்கிக் குடுத்து, பொடக்காளிக்குக் கொண்டு போய்க் கழுவி வெச்சுரு கண்ணுன்னு சொல்லியிருக்குது. ஊட்டுக்குப் பொறத்தால போய் உக்காந்து அத்தனையும் கழுவியிருக்கறா. அப்பறம் மாப்பிள்ளையோட அக்கான்னு தெரிஞ்சதும் எல்லாரும் சிரிச்சு மழுப்பிட்டாங்களாம். தம்பி மட்டும் தலையக் குனிஞ்சுக்கிட்டான்னு சொல்றப்ப அவ கண்ணு நெறஞ்சு போச்சு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. தைக்கிறேன் அம்மணி, அந்த மண்டபமே உன்னையப் பாக்கற மாதிரி தைக்கிறேன்னுட்டேன்.

சாதா ஜாக்கெட்டுக்குப் பழைய ஜாக்கெட் ஒண்ணைக் குடுத்தாப் போதும், அதை வெச்சு வெட்டிருவோம். உடம்பத் தொடவே வேண்டாம். டிசைனர் ஜாக்கெட்டுக்கு அப்படி ஆகாது, உடம்புலதான் அளவு எடுக்கணும். திரைய இழுத்துவிட்டு டேப்பைச் சுத்துனேன். எடது கக்கத்துக்குக் கீழ கொண்டு வர்றப்ப வெரல்ல ஒண்ணு தட்டுச்சு. எலுமிச்சங்காய் அளவுல, கல்லாட்டம். அசையலை. வெரலை எடுத்துட்டேன். அவ மூச்சைப் புடிச்சுக்கிட்டுச் செவுத்தையே பாத்துக்கிட்டு நின்னா.

எங்க தொழில்ல ஒரு கட்டு உண்டு. டேப் கையில இருக்கறப்ப உடம்பைப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது. பெருத்துட்டீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவ அடுத்த முகூர்த்தத்துக்கு வேற கடைக்குப் போயிருவா. எல்லா உடம்புலயும் ஏதோ ஒண்ணு இருக்கும். தழும்பு, சூடு, ஊட்டுக்காரன் அடிச்ச கன்னிப்பு. பாத்தும் பாக்காத மாதிரி நம்பரை மட்டும் எழுதிக்கணும். அன்னிக்கும் அப்படித்தான் எழுதுனேன். எப்பவும் மார்புக்கு ஒரே அளவுதான் எழுதுவேன். அவளுக்கு மட்டும் எடது தனியா, வலது தனியா எழுதுனேன். என்ர வாழ்க்கையில நான் எழுதுனதுலயே எனக்குப் பயமா இருந்தது அந்த ரெண்டு நம்பர்தான்.

போறப்ப வாசல்ல திரும்பி, எடது பக்கம் கக்கத்தைக் கொஞ்சம் தாராளமா வெச்சிருங்கக்கா, கூடைய மேல தூக்கோணுமல்லன்னா.

துணிய ஏத்தி வேலைய ஆரம்பிச்சாச்சு. ஊசி குத்தறப்பவெல்லாம் அந்தக் கல்லு வெரல் நுனியில வந்து வந்து போச்சு. கட்டிதானே, பால் கட்டியிருக்கும், கொழுப்பா இருக்கும்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன். பால் குடிக்கற கொழந்தை அவளுக்கு இல்லைன்னும் எனக்குத் தெரியும்.

சித்திரை கடைசியில போட்டுப் பாக்க வந்தா. கல்யாணத்துக்கு இருவது நாள் இருந்துச்சு. எடது பக்கம் இறுக்கிப் புடிச்சுது. மறுபடி டேப் வெச்சுப் பாத்தா முக்கால் இஞ்ச் கூடியிருந்துச்சு. இதுக்கு மேல என்னால முடியலை. தொழிலாவது மண்ணாவதுன்னு கேட்டுட்டேன், இது என்ன அம்மணி, டாக்டர்கிட்டக் காட்டுனியான்னு.

அவ ஜாக்கெட்டோட கொக்கிய ஒண்ணொண்ணாக் கழட்டிக்கிட்டே நெதானமாச் சொன்னா. “தெரியுமுங்கக்கா. எங்கம்மாளுக்கும் இப்படித்தான் வந்துச்சு. பொண்ணு ஊட்டுல, அம்மா எதுனால போச்சுன்னு கேட்டப்ப மஞ்சக்காமாலைன்னு சொல்லி வெச்சிருக்கறோம்.”

மெதுவா வெவரம் சொன்னா. கம்பெனியில ஒரு நாள் டாக்டர் வந்து பாத்தப்பவே, ஒடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சதை எடுத்துப் பாக்கச் சொன்னாராம். அதுக்குன்னு எடுத்து வெச்ச பணத்தைத்தான் எனக்கு அட்வான்ஸாக் குடுத்திருக்கறா. ஆஸ்பத்திரிக்குப் போனா மறைக்க முடியாது. அம்மாளுக்கும் இருந்துச்சு, மகளுக்கும் இருக்குதுன்னா அந்த வம்சத்துலயே அந்த நோவு ஓடுதுன்னு பொண்ணு ஊட்டுல பின்வாங்கிருவாங்க. பின்வாங்காட்டியும், நோவுக்காரிய இணைச்சீருக்கு நிறுத்த மாட்டாங்க. பத்திரிகையெல்லாம் குடுத்தாச்சு, கல்யாணம் முடிஞ்ச மக்கா நாளே போயிருவேன்னு என்ர கையைப் புடிச்சுக்கிட்டா. ஊட்டுக்காரருக்குத் தெரியுமான்னேன். தெரிஞ்சா அவர் கல்யாணத்தையே நிறுத்திப் போடுவாருங்கன்னா.

அப்பறம் கேட்டா பாருங்க, அதைத்தான் என்னால மறக்க முடியலை. வெளிய தெரியாத மாதிரி செஞ்சு குடுக்க முடியுமாங்கக்கான்னு.

முடியும். அந்த வித்தை எனக்குத் தெரியும். வலது பக்கம் உள்ள பஞ்சு வெச்சு ரெண்டையும் சமமாக்குனேன். பாக்கறவங்க கண்ணு கைக்கும் முதுகுக்கும் போகட்டும்னு அங்க வேலைய அள்ளிப் போட்டேன். அன்னத்தோட கண்ணுக்கு ஒரு பச்சைக் கல்லு வெச்சேன். அப்படி ஒரு வேலைய நான் அதுக்கு முன்னாலயும் செஞ்சதில்லை, பின்னாலயும் செய்யலை. செய்யறப்ப எனக்குப் பெருமையா இருந்துச்சு. அதையும் சொல்லித்தான் ஆகணும். ஒரு பக்கம் பயம், இன்னொரு பக்கம் பெருமை. என்ன ஜென்மமோ நான்.

ஜாக்கெட்டை வாங்க அவ ஊட்டுக்காரர்தான் வந்தார். காக்கிச் சட்டை, மேலெல்லாம் சிமெண்டுத் தூசி. கை கழுவிட்டு வாரனுங்கன்னு கீழ போய்க் கழுவிட்டு வந்துதான் துணியத் தொட்டார். அன்னத்தைப் பாத்துட்டு, இதைப் போட்டா அவள யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்லங்கன்னு கேட்டார். கடையில நாங்க ரெண்டே பேர். அப்ப ஒரு வார்த்தை போதும். கல்யாணம் நின்னா நிக்குது, இவள இழுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்லியிருக்கலாம். அவளுக்கு வாக்குக் குடுத்துட்டமே, நம்மால ஒரு கல்யாணம் நிக்கணுமா, தேங்காய் உரிக்கறவன் மகள் போய் அவங்க ஊட்டு விசயத்துல நாக்கை நீட்டுனான்னு பேச்சு வருமேன்னு என்னென்னமோ ஓடுச்சு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு சொல்லி மடிச்சுக் குடுத்துட்டேன்.

கல்யாணத்தன்னிக்குச் சேலை கட்டிவிட என்னையவே கூப்பிட்டிருந்தா. எடது கையைத் தோளுக்கு மேல தூக்க முடியலை. நாந்தான் புடிச்சு மெல்ல நொழைச்சு விட்டேன். பல்லைக் கடிச்சுக்கிட்டா, சத்தம் வரலை. அந்தப் பக்கம் கூடையப் புடிக்காதே, வலது கையில புடின்னேன். மேடையில அவள மாப்பிள்ளைக்கு எடது பக்கம் நிறுத்திட்டாங்க, சேலை முனைய வலது கையில வாங்கிக்கிட்டு, கூடைய எடது கையிலதான் புடிக்க வேண்டியதாப் போச்சு. கூடை தலையில, கை மேல, மொகம் பூராச் சிரிப்பு. வெளிச்சம் பட்டு அன்னம் ரெண்டும் மின்னுச்சு. வீடியோக்காரன் அவளையே சுத்திச் சுத்தி எடுத்தான். கூடை லேசா ஆடறதை நான் ஒருத்தி மட்டும் பாத்துக்கிட்டு நின்னேன்.

பொண்ணு ஊட்டுப் பொம்பளைங்க அவளைச் சூழ்ந்துக்கிட்டாங்க. எங்க தைச்சதுன்னு கேட்டு அவ என்னையக் கை காட்ட, பந்தி முடியறதுக்குள்ள எனக்கு அஞ்சு ஆர்டர் வந்துச்சு. வாங்கிக்கிட்டேன்.

மக்கா நாள் போறேன்னவ போகலை. மறுவீடு வந்துச்சு, விருந்து வந்துச்சு, அப்பறம் ஆடி. புதுப்பொண்ணு மொதல் தடவை பொறந்த ஊட்டுக்குப் போறப்ப மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போகக் கூடாதுன்னா. தலை தீவாளி முடியட்டும்னா. நான் போன்ல திட்டுனேன், கெஞ்சுனேன். ஒரு நாள் அவ போனை எடுக்கறதையே நிறுத்திட்டா. கார்த்திகையில கம்பெனியில மயங்கி விழுந்து, அப்பத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. ரொம்பத் தாமசமாயிருச்சுன்னுட்டாங்களாம்.

அடுத்த ஆனியில, ஒரு நாள் கடையத் தொறந்து கூட்டிக்கிட்டு இருக்கறப்ப அவ ஊட்டுக்காரர் படியேறி வந்தார். கையில ஒரு பை. வெடியால போயிட்டாளுங்கன்னார். இந்தச் சேலையும் ஜாக்கெட்டும் போட்டுத்தான் அனுப்போணும்னு சொல்லி வெச்சிருந்தாளாம்.

“கை வீங்கியிருக்குதுங்க, உள்ள போகலை. பின்னால கிழிச்சுப் போட்டுக்கலாம், யார் பாக்கறாங்கன்னு பொம்பளைங்க சொன்னாங்க. நான் விடலீங்க. பிரிச்சுத் தைச்சுக் குடுங்க.”

நான் உக்காந்து பிரிச்சேன். கையில அன்னத்தைத் தொடாம உள் தையலை மட்டும் பிரிச்சு, மடிச்சு விட்டிருந்த துணிய முழுசும் வெளிய எடுத்து மறுபடி ஓட்டுனேன். வலது பக்கம் வெச்ச பஞ்சு கையில தட்டுச்சு. அவர் எதுத்த ஸ்டூல்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தார். மெல்லக் கேட்டார், அளவு எடுத்தப்ப உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சுதாங்கன்னு.

“தெரியலீங்க”ன்னேன்.

அவர் தலைய ஆட்டுனார். உங்களுக்கு எப்படித் தெரியுமுங்க, கட்டிக்கிட்ட எனக்கே தெரியலையேன்னார். என்னையச் சமாதானம் பண்ணறார் அந்த மனுசன்.

மடிச்சுக் குடுத்தேன். எவ்வளவுங்கன்னார். ஐயோ, ஒண்ணும் வேண்டாமுங்க, கொண்டு போங்கன்னேன். அவர் கேக்கலை. ஓசியில செஞ்ச துணிய அவ போட மாட்டாளுங்கன்னு சொல்லி, சட்டைப் பையில இருந்து அம்பது ரூவாய எடுத்து மெஷின் மேல வெச்சுட்டுப் படியெறங்கிப் போனார். நான் அதை எடுத்து வெச்சுக்கிட்டேன்.