லிட்டருக்கு இருபத்தைந்து கிராம்

ஆத்தூரில் இன்பமணிக்கு அரை ஏக்கர் வெற்றிலைக் கொடிக்கால். போன ஐப்பசி மழைக்குப் பிறகு கொடிகள் அடியிலிருந்து வாட ஆரம்பித்தன. போனில் தேடியபோது ஒரு வேளாண்மை இணையதளத்தின் தமிழ்ப் பக்கம் வந்தது. தாமிர மருந்துப் பொடியை லிட்டருக்கு 25 கிராம் கலந்து ஊற்றச் சொன்னது. கடையில் பிரித்துக் கொடுத்த பொட்டலத்தில் அளவு எதுவும் எழுதியிருக்கவில்லை. அப்படியே ஊற்றினாள். நாலாம் நாள் நாலு வரிசைக் கொடி கருகிப்போனது.

"ஏளா, விடு. நம்ம நேரம்" என்றார் கணவர் செல்வதுரை.

இன்பமணி விடவில்லை. அதே பக்கத்தை இங்கிலீஷில் திறந்தாள். எழுத்து புரியாது, எண் புரியும். அங்கே 2.5 என்று இருந்தது. தமிழில் போட்டவர்கள் புள்ளியை விட்டுவிட்டிருந்தார்கள்.

பக்கத்தின் அடியிலிருந்த நம்பரைக் கூப்பிட்டாள். எடுத்தவர், "நான் ரிட்டயர்டாகி ஆறு வருஷமாச்சும்மா. இன்னும் என் நம்பரா கிடக்கு?" என்று சங்கடப்பட்டார். தூத்துக்குடியில் அந்த இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகம் இருக்கும் இடத்தையும் சொன்னார். மறுநாளே கருகிய கொடியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். துறைமுகத்து லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, பஸ் ஊருக்குள் போய்ச் சேரப் பதினொரு மணியாகிவிட்டது.

அலுவலகத்தில் பொறுப்பிலிருந்த கிருபாநிதி, புள்ளி விட்டுப்போன கதையைக் கேட்டுக்கொண்டே கொடியைப் புரட்டிப் பார்த்தார். "நிபுணரைக் கேட்டுட்டுப் பயன்படுத்தணும்னு கீழ போட்டிருக்கோமே."

"அத என் போன்ல காட்டுங்க சார்."

வாங்கித் தேடினார். பக்கம் திரைக்குள் அடங்காமல் வலப்பக்கம் ஓடியது. பெரிதாக்கினால் பாதி வரி காணாமல் போனது. அவர் அதுவரை ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டுமே அதைப் பார்த்திருந்தார்.

"நாங்க கொடிக்கால்ல நின்னுக்கிட்டு ஈரக் கையோட பாக்கோம் சார். எங்க கையில இருக்கது இந்தப் போன்தான்."

"மேலிடத்துக்கு எழுதுறேன்மா."

"எழுதுங்க. அதுவரைக்கும் அந்தப் பக்கத்த எடுத்துருங்க. இன்னைக்கே வேற யாராவது ஊத்திருவாங்கள்லா? நான் இங்கனயே இருக்கேன்."

மூன்று மணிவரை பெஞ்சில் இருந்தாள். பக்கம் போய்விட்டதைத் தன் போனிலேயே பார்த்த பிறகுதான் எழுந்தாள்.

மூன்று வாரம் கழித்துத் திருத்திய பக்கம் வந்தது. சரியான அளவு, திருத்திய தேதி, கூப்பிட்டால் எடுக்கிற ஒரு நம்பர். திரையை விட்டு ஓடுவது மட்டும் நிற்கவில்லை. அதற்காக வாரம் ஒருமுறை கூப்பிடுகிறாள், குரலைக் கேட்டதுமே கிருபாநிதி, "ஆத்தூரம்மாவா?" என்கிறார்.

கருகிய இடத்தில் புதுக்கொடி நட்டாயிற்று. நேற்று கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தவள் பாதியில் போனை எடுத்தாள்.

"சார், வாழைக்கு உரம் நூத்திப்பத்துன்னு போட்டிருக்கு. கிலோவா, கிராமா? ஒரு மரத்துக்கா, ஏக்கருக்கா?"