பூப் போட்டுப் பார்த்த நாத்திகன்

போன மாதம் அம்மன் கோயிலில், அம்மனுக்கு எதிரிலேயே ஒரு பிராடு வேலை பார்த்தேன். சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி வாங்கிவிட்டதால் தைரியமாக எழுதுகிறேன். அம்மனிடம் இல்லை... தங்கச்சி ஜெயாவிடம்.

ஜெயா, என் நண்பன் ராஜேந்திரனின் மனைவி. ராஜேந்திரனுக்குக் கம்பத்தில் உரக்கடை. திராட்சைக்கு மருந்து வாங்கப் போனால் கூடவே ஒரு சொற்பொழிவும் இலவசம். "சாமி இருந்தா கொடியில சாம்பல் நோய் ஏன்யா வருது?" என்பான். பாவம், வந்தவர் மருந்து டப்பாவையும் கையில் வைத்துக்கொண்டு முழிப்பார்.

நாத்திகர்களோடு எனக்கு ஒரு வழக்கும் இல்லை. அவர்கள் கேட்கிற பாதிக் கேள்விகள் எனக்கும் உள்ளவைதான். ஆனால் அந்த வால்யூம் இருக்கிறதே! கடவுள் இல்லை என்று ஒரு தடவை சொன்னால் புரியாதா? கல்யாணப் பந்தியில், சோற்றில் ரசத்துக்குக் குழி பறித்துக் காத்திருக்கும்போதா சொல்ல வேண்டும்? அதே ராஜேந்திரன் கோயில் கிடா விருந்தில் முதல் பந்தியில் இருப்பான். கேட்டால், "ஆடு இருக்குங்கறது நிரூபணம் ஆயிருச்சுல்ல மாப்ள?" என்பான்.

பக்தர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இந்தப் படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கஷ்டம் வரும் என்று காலையிலேயே போனில் மிரட்டுகிறார்கள்.

நான் இரண்டிலும் சேர்த்தி இல்லை. சாமி இருக்கிறதா என்று கேட்டால், "தெரியலை" என்பேன். திருநீறு கொடுத்தால் பூசிக்கொள்வேன். கொடுக்காவிட்டால் கேட்க மாட்டேன். இதுதான் ராஜேந்திரனுக்குப் பற்றிக்கொண்டு வரும். "பக்தனைக்கூடத் திருத்திரலாம் மாப்ள. உன்னைய மாதிரி மதில் மேல் பூனையத்தான் ஒண்ணும் பண்ண முடியாது."

இப்படி இருக்கையில்தான் ஜெயாவுக்கு வயிற்று வலி வந்தது. பித்தப்பையில் கல். சீழ் பிடிக்க ஆரம்பித்துவிட்டது, உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் ஆபத்து என்று தேனி டாக்டர் சொல்லிவிட்டார். ஜெயாவோ அசையவில்லை. அவளுடைய சித்தி ஆபரேஷனுக்குப் போய்த் திரும்பி வராதவர்.

"ஆத்தாகிட்டப் பூப் போட்டுக் கேப்போம். வெள்ளை வந்தா வாரேன். செவப்பு வந்தா என்னைய விட்ருங்க" என்றாள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கும் பூப் போட்டுப் பார்ப்பார்கள், தோட்டத்தில் போர் போடவும் பார்ப்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி. இலையில் சுற்றிக் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். விவரம் தெரியாத பிள்ளை ஒன்று எடுத்துக் கொடுக்கும். பொட்டலத்தைக் கட்டுபவர் மட்டும் அந்தக் குடும்பத்து ஆளாக இருக்கக் கூடாது.

அந்த வேலைக்கு என்னைக் கூட்டிப் போனார்கள். காமயகவுண்டன்பட்டிப் பக்கம் ஒரு சின்னக் கோயில். ஜெயா உள்ளே போனதும் ராஜேந்திரன் என்னை டீக்கடைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

"மாப்ள, ரெண்டுலயும் வெள்ளையவே வச்சுக் கட்டிரு."

எனக்கு டீ புரையேறியது. "ஏப்பா, அது ஆத்தாளை ஏமாத்துற மாதிரி இல்ல?"

"இல்லாத ஆத்தாளை எப்படி ஏமாத்துறது?"

நியாயமான கேள்வி. ஆனால் இருந்துவிட்டால்? 'தெரியலை' என்பவனின் கஷ்டம் இதுதான். நாத்திகன் துணிந்து ஏமாற்றலாம், பக்தன் அழுது மன்னிப்புக் கேட்கலாம். எனக்கு இரண்டுக்கும் வழியில்லை.

"அம்புட்டுத் தைரியம் இருந்தா நீயே கட்டேன்."

"அது எப்படி மாப்ள? குடும்பத்து ஆளு கட்டக் கூடாதுல்ல?"

"பூசாரி இங்கன வந்து பாக்கவா போறாக?"

"பாக்காட்டியும்..." ராஜேந்திரன் கோயில் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். "முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. உள்ளே ஜெயா விலாவைப் பிடித்துக்கொண்டு தூணில் சாய்ந்திருந்தது தெரிந்தது. செவ்வரளியை மண்ணில் போட்டுவிட்டு, இரண்டிலும் வெள்ளையை வைத்துக் கட்டிக் கொண்டுபோய்ப் பூசாரியிடம் கொடுத்தேன்.

ஒரு குட்டிப் பாப்பா வந்து ஒரு பொட்டலத்தை எடுத்தது. பூசாரி நூலைப் பிரிக்கத் தொடங்கினார். நான் ராஜேந்திரனைப் பார்த்தேன். கண்களை இறுக்கி மூடியிருந்தான். உதடு அசைந்துகொண்டிருந்தது.

"வெள்ளை!"

ஜெயா அழுதுவிட்டாள். மறுநாளே தேனிக்குப் போனார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டரின் கைப்புண்ணியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்க வீட்டுக்குப் போயிருந்தேன். தெம்பாக உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மனசு கேட்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். ராஜேந்திரன் என்னை முறைத்தான்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ணே" என்றாள் ஜெயா. "வெளிய வரையில டீக்கடை ஓரமா செவ்வரளி மண்ணுல கெடந்துச்சு."

"அப்புறம் ஏம்மா ஆபரேஷனுக்குச் சம்மதிச்ச?"

"ரெண்டுலயும் வெள்ளைய வைக்கச் சொன்னது யாரு?"

"உம் புருசன்தான்."

"அவுகளுக்கு அந்தப் புத்தியக் குடுத்தது யாரு? இத்தனை வருசமா வாய் ஓயாம இல்லைன்னு சொன்ன மனுசன், எனக்காகக் கோயிலுக்குள்ள வந்து நின்னாகளே... எனக்கு அது போதும்ணே."

நான் ராஜேந்திரனைப் பார்த்தேன். இதற்கு ஒரு மணி நேரமாவது பதில் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். ஆள் தோசையில் ஓட்டை எண்ணிக்கொண்டிருந்தான்.

விடுவேனா? எத்தனை வருடத்துப் பாக்கி!

வாசலுக்கு வழியனுப்ப வந்தவனிடம் கேட்டேன். "ரெண்டும் வெள்ளைன்னு உனக்குத் தெரியும். பூசாரி பிரிக்கையில கண்ண மூடிக்கிட்டு என்னத்தப்பா முணுமுணுத்த?"

பிடரியைச் சொறிந்தான். மலையைப் பார்த்தான். தெருவைப் பார்த்தான். கடைசியில் மெதுவாக வாயைத் திறந்தான்.

"தெரியலை மாப்ள."

வா மாப்ள, வா... மதில் மேல இன்னும் இடம் இருக்கு!