வேட்டை லைசென்ஸில் வாங்கிய ரிவால்வர்

அந்த வேட்டை லைசென்ஸை எங்களை வாங்க வைத்தது நீங்கள்தான். பிறகு சங்கத்தில் நாலு பேர் முன்னால் இல்லை என்று சொன்னதும் நீங்கள்தான்.

உங்கள் பெயரை எழுதப் போவதில்லை. அந்த வருடங்களில் டாலஸ் பக்கத்துக் காப்பெல்லில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு இது போதும்: என் கணவரோடு முன்பு ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர், தமிழ்ச் சங்கக் கமிட்டியில் இருந்தவர், கிரீன் கார்டு கையில் இருந்தவர். நாங்கள் அப்போதும் விசாவில் இருந்தோம். என் கணவருக்கு வேலை விசா, எனக்கு அவரைச் சார்ந்த விசா. கிரீன் கார்டு விண்ணப்பம் கடைசிப் படியில் இருந்தது. அது வந்துவிட்டால் இருப்போம், வராவிட்டால் கிளம்புவோம். எங்கள் வாழ்க்கை முழுக்க அந்த ஒரு கடிதத்தில் இருந்தது.

2006ஆம் வருடம். என் கணவர் கன்சல்டன்ட். திங்கள் காலை முதல் விமானத்தில் போனால் வியாழன் சாயங்காலம்தான் வருவார். நடுவில் நானும் நாலு வயது மகளும் மட்டும். வீட்டுக்குப் பின்னால் மரவேலி, வேலிக்கு அந்தப் பக்கம் குப்பை வண்டி வரும் சந்து. அந்தச் சந்து வழியாகத்தான் திருடர்கள் வந்தார்கள். இந்தியர் வீடென்றால் தங்கம் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. எது இந்தியர் வீடு என்று கண்டுபிடிக்க வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளே போதும்.

இரண்டு தெரு தள்ளி, மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு ஆன்ட்டி பட்டப்பகலில் தனியாக இருந்தபோது பின்கதவை உதைத்துத் திறந்து வந்தார்கள். அவர் வளையல்கள் கழலவில்லை. சமையலறைத் தொட்டிக்கு இழுத்துப் போய், பாத்திரம் கழுவும் சோப்பைக் கையில் ஊற்றிக் கழற்றினார்கள். நான் பார்க்கப் போனபோது மணிக்கட்டு இரண்டிலும் தோல் உரிந்திருந்தது.

"கத்தினேம்மா," என்றார். "இந்த ஊர்ல கத்தினா யாருக்குக் கேக்கும்? எல்லா வீட்லயும் கதவை மூடிட்டு ஏசி ஓடுது."

அந்த வாரம் உங்கள் வீட்டில் பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகும் விருந்து. நான் இதைச் சொன்னேன். நீங்கள் வடையைக் கடித்துக்கொண்டே சொன்னீர்கள்.

"சிஸ்டர், டெக்சாஸ்ல இருந்துக்கிட்டு வீட்ல துப்பாக்கி இல்லன்னா, மெரினாவுக்குப் போயிட்டு அலையைப் பார்க்காம வந்த மாதிரி."

"விசால இருக்கிறவங்க வாங்க முடியாதேண்ணா," என்றார் என் கணவர்.

"யாரு சொன்னா? ஹண்டிங் லைசென்ஸ் இருந்தா வாங்கலாம். சட்டமே அதான். நான் விசால இருக்கும்போது அப்படித்தான் வாங்கினேன்."

"நான் கோழியவே ஹலால் கடையில வெட்டித்தான் வாங்குறேன். நான் எதை ஹண்ட் பண்றது?" என்றேன்.

"மானுக்கு லைசென்ஸ் வாங்குங்க. நீங்க வரலன்னு மான் கம்ப்ளெய்ண்ட் பண்ணப் போகுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் சொன்னதில் பொய் இல்லை. விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. வேட்டை லைசென்ஸ் இருந்தால் வைத்திருக்கலாம். நம் ஆட்கள் பலர் அப்படி வாங்கியிருந்தார்கள்.

சனிக்கிழமை நீங்களே டிரைவ் பண்ணிக் கூட்டிப் போனீர்கள். முதலில், வேட்டைச் சாமானும் விற்கும் ஒரு விளையாட்டுப் பொருள் கடை. கவுன்ட்டரில் ஒரு சின்னப் பெண், சூப்பர் மார்க்கெட் பில் மாதிரி ஒரு நீளத் தாளைக் கிழித்துக் கொடுத்தாள். அதுதான் லைசென்ஸ். என் பெயரில். வீட்டில் தனியாக இருக்கப் போகிறவள் நான்தானே. அதை மடித்துக் கைப்பையில் வைத்தேன். படிக்கவில்லை. அது என் தப்பு, அதை யார் மேலும் போட மாட்டேன்.

அடுத்து துப்பாக்கிக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு வயதான வெள்ளைக்காரர். முதலில் ஒரு பிஸ்டல் எடுத்துக் கொடுத்தார். சுடுவதற்கு முன் அதன் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து விட வேண்டும். எனக்கு அது பாதிகூட நகரவில்லை.

"இடியாப்பம் புழியிற கைதானே சிஸ்டர், நல்லா இழுங்க," என்றீர்கள்.

"நீங்க வீட்ல புழிஞ்சு பாத்திருக்கீங்களாண்ணா?" என்றேன். கடைக்காரருக்குத் தமிழ் புரியாவிட்டாலும் சிரித்தார்.

அவர் அதை வாங்கி வைத்துவிட்டு ரிவால்வர் கொடுத்தார். ஐந்து குண்டு. இழுக்க வேண்டியது, தள்ள வேண்டியது எதுவும் இல்லை. விசையை அழுத்தினால் சுடும். பயத்தில் கை நடுங்கும்போது ஞாபகம் வைக்க வேண்டியது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்றார். கைப்பையில் வைக்கிற மாதிரி லேசானது ஒன்று இருந்தது. அழகாகக்கூட இருந்தது. லேசானது கையை அதிகமாக உதைக்கும், ஒருமுறை சுட்டால் மறுமுறை சுட உங்களுக்கே மனசு வராது, வீட்டில் வைக்கத்தானே, கனமானதை எடுங்கள் என்றார். கனமானதை எடுத்தேன்.

பிறகு தோட்டா. நான் ஏதோ ஒரு பெட்டி வாங்கினால் முடிந்தது என்று நினைத்தேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: உங்கள் குழந்தை எந்த அறையில் தூங்குகிறது?

என் அறைக்கு அடுத்த அறை என்றேன். அவர் இரண்டு தோட்டாக்களைக் கண்ணாடி மேல் நிறுத்தினார். ஒன்று உருண்டை முனை. பழகுவதற்கு அது போதும், ஆனால் ஆளைத் துளைத்துக்கொண்டு போய் அடுத்த சுவரையும் துளைக்கும் என்றார். மற்றதன் முனையில் ஒரு குழி. உடம்புக்குள் போனதும் பூ மாதிரி விரிந்து, பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். ஆனால் குறி தப்பினால் இதுவும் சுவரைத் துளைக்கும், இந்த ஊர்ச் சுவர் வெறும் ஜிப்சம் அட்டை, அதனால் குழந்தை இருக்கும் பக்கம் சுடவே சுடாதீர்கள் என்றார்.

குழி விழுந்த அந்தத் தோட்டாவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன். விரல் நுனி அளவுகூட இல்லை. யாரோ ஒருவனின் வயிற்றுக்குள் விரிவதற்கு நான் அதைத் தேர்ந்தெடுக்கிறேன். அவன் வயிற்றோடு நின்றுவிட்டால் என் மகளிடம் வராது. அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. இதையே கொடுங்கள் என்றேன்.

கடையில் தந்த படிவத்தில் விசா பற்றிய கேள்விக்கு மறைக்காமல் பதில் எழுதினேன். லைசென்ஸையும் அந்த மாநிலத்தில் குடியிருப்பதற்கு ஆதாரமாக மின்சார பில்களையும் கடைக்காரர் நகல் எடுத்தார். பின்னணிச் சரிபார்ப்புக்காக எஃப்.பி.ஐ.க்குப் போன் போட்டு என் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். உடனே அனுமதி வரவில்லை, சில நாள் ஆகும் என்றார்கள். காரில் வரும்போது, "உங்க பேருக்கு டிலே ஆகத்தான் செய்யும் சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க," என்றீர்கள். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமை அனுமதி வந்தது. என் கணவர் ஊரில் இல்லை. வாங்கிவர மறுபடியும் நீங்கள்தான் கூட்டிப் போனீர்கள். திரும்பும்போது நான் கேட்டேன்: "இந்த லைசென்ஸ எப்பவும் வெச்சிருக்கணுமாண்ணா?"

"வாங்குறதுக்கு மட்டும்தான் சிஸ்டர். ஒரு தடவை போதும். நான்லாம் ரின்யூவே பண்ணல."

நீங்கள் புதுப்பிக்கவில்லை, ஏனென்றால் அதற்குள் உங்களுக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டது. உங்களுக்கு அந்தத் தாள் தேவைப்படவில்லை. எங்களுக்குத் தேவை என்பது உங்களுக்குத் தோன்றவே இல்லை. அன்று நீங்கள் வேண்டுமென்று பொய் சொன்னதாக நான் சொல்லவில்லை.

வேட்டை லைசென்ஸ் ஆகஸ்ட் கடைசி நாளோடு முடிந்துவிடும். அந்த நாள் வந்து போனது. நான் மகளுக்குக் குளிர்காலச் சட்டை வாங்கிக்கொண்டிருந்தேன்.

அக்டோபரில் ஒரு நாள் மகளை டேகேரிலிருந்து கூட்டிவந்தபோது பின்கதவு உடைந்து கிடந்தது. நகை போயிருந்தது. அலமாரி மேல்தட்டில் இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த துப்பாக்கி, பெட்டியோடு போயிருந்தது. நகையை நினைத்து நான் அழவில்லை. என் துப்பாக்கி யாரோ ஒருவன் கையில் இருக்கிறது என்ற நினைப்புதான் இருந்தது. போலீஸுக்கு 911இல் அழைத்து, துப்பாக்கியும் போயிற்று என்று சொல்லி, அதன் சீரியல் எண்ணையும் கொடுத்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று பிறகு பலர் சொன்னார்கள். இன்று நடந்தாலும் சொல்வேன்.

சில நாள் கழித்து சாதாரண உடையில் மத்திய அரசு அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். என்ன விசா என்று கேட்டார்கள். லைசென்ஸ் எங்கே என்றார்கள். பெருமையாக எடுத்துக் கொடுத்தேன். ஒருவர் படித்தார், மற்றவரிடம் நீட்டினார், பிறகு தேதியை விரலால் தொட்டு என்னிடம் காட்டினார். செப்டம்பர் முதல் தேதியிலிருந்து திருடு போன நாள் வரை, அந்தப் பெட்டி என் அலமாரியில் இருந்த ஒவ்வொரு நாளும் நான் குற்றவாளி.

வழக்கு வருமா என்று தெரியாது, ஆனால் இது ஃபைலில் ஏறிவிட்டது, கிரீன் கார்டு அதிகாரி பார்ப்பார் என்றார் எங்கள் விசா வக்கீல். ஒரு முறை வாங்கினால் போதும் என்று எங்களுக்குச் சொன்னவர் எழுதிக் கொடுத்தால் கொஞ்சம் உதவும் என்றார். உங்கள் வீட்டுக்கு வந்தோம். டீ கொடுத்தீர்கள்.

"எனக்கு சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ வந்திருக்கு சிஸ்டர். இப்பப் போய் துப்பாக்கி விஷயத்துல என் பேரு வரக் கூடாது."

"நடந்ததை மட்டும் எழுதுங்கண்ணா. வேற எதுவும் வேணாம்," என்றார் என் கணவர்.

"நடந்ததுல என் பேருதானே இருக்கு?"

டீயைக் குடிக்காமல் வந்துவிட்டோம். ஆனாலும் உங்கள் பயம் எனக்குப் புரிந்தது. அதே பயத்தில்தானே நாங்களும் இருந்தோம். அதோடு விட்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஜனவரியில் பொங்கல் விழா. பள்ளிக்கூட ஹாலில் பந்தி. நான் சர்க்கரைப் பொங்கல் பரிமாறிக்கொண்டு வந்தேன். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தீர்கள். எதிரில் இருந்தவர் எங்களைப் பற்றி ஏதோ கேட்டார்.

"நான் எதுக்குப்பா அவங்களைக் கடைக்குக் கூட்டிட்டுப் போகப் போறேன்? அவங்க வேற காரணத்துக்கு வாங்கினாங்க. நமக்கு எதுக்கு அந்த வம்பு?"

எதிரில் இருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு இலையைப் பார்த்தார். நீங்கள் திரும்பினீர்கள். நான் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு மகளைத் தேடிப் போனேன். அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பிறகு போன்கள் நின்றன. டேகேருக்குக் குழந்தைகளை மாற்றி மாற்றிக் கூட்டிப் போகும் அம்மா, இனிமேல் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ஒரு பிறந்தநாள் விழாவுக்கு மற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் அழைப்பு வந்தது. "ஆல் மை ஃப்ரெண்ட்ஸ் ஆர் கோயிங், மம்மி. டிட் ஐ டூ சம்திங்?" என்று கேட்டாள் என் மகள். இல்லடா கண்ணு என்றேன். அதற்கு மேல் அவளுக்கு என்ன சொல்ல?

வழக்குப் போடவில்லை. கிரீன் கார்டும் வரவில்லை. மேலும் ஆவணம், மேலும் விளக்கம் என்று கடிதம் வந்துகொண்டே இருந்தது. இரண்டு வருடம் கழித்து, பொருளாதார மந்தத்தில் என் கணவரின் வேலை போனது. விசாவும் அதோடு போனது. 2009இல் ஆறு பெட்டிகளோடு சென்னைக்கு வந்தோம். என் கணவர் இப்போது அந்த ஊரைப் பற்றிப் பேசுவதில்லை. டிவியில் டாலஸ் என்று கேட்டால் சேனலை மாற்றிவிடுவார்.

அந்த ரிவால்வர் கிடைத்ததாக யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஐந்து தோட்டாக்களையும் என் கையால் போட்டேன். அவை யார் உடம்பில் விரிந்தன என்று எனக்குத் தெரியாது. தொழுது முடித்துக் கையேந்தும்போது அந்தத் தெரியாத ஆளுக்காகவும் கேட்கிறேன்.

உங்களுக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டது, சந்தோஷம். இனி உங்கள் பெயர் எதில் வந்தாலும் உங்களை யாரும் விமானம் ஏற்ற மாட்டார்கள். அதனால் பயமில்லாமல் பதில் சொல்லலாம். எனக்குத் தனியாகக் கடிதம் எழுத வேண்டாம், போன் செய்ய வேண்டாம். சங்கத்தின் பொதுக்குழுவில் எழுந்து, மைக்கைப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்: நாங்கள் துப்பாக்கி வாங்கியது வேறு காரணத்துக்கு என்றீர்களே, அது என்ன காரணம்?