அம்பு வெளியே போகாத பெட்டி

போன வாரம் ஆபீஸில் ஒரு படம் வரைந்தேன். அதிலிருந்து சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

தண்டையார்பேட்டையில் ஒரு கன்டெய்னர் யார்டில் புரோகிராமர் நான். லாரியை எடை போடுவது முதல் கேட் பாஸ் அடிப்பது வரை எல்லாம் ஒரு பழைய புரோகிராம்தான். எழுதியவர் வெளிநாடு போய்விட்டார். ஒரு வரி விளக்கம்கூட எழுதி வைக்கவில்லை. எண்ணூரில் புது யார்டு வருகிறது.

"இதையேதான் அங்கேயும் போடணும். உள்ளே என்ன இருக்குன்னு படமா வரைஞ்சு கொடுங்க" என்றார் மேனேஜர்.

கொத்தனார் போனபிறகு, குடியிருக்கிற வீட்டுக்கு பிளான் வரைகிற மாதிரி வேலை. எந்தச் சுவர் மாடியைத் தாங்குகிறது, எது சும்மா நிற்கிறது? தட்டித் தட்டித்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பகுதியும் ஒரு பெட்டி. எந்தப் பகுதி எதற்குத் தகவல் கொடுக்கிறதோ, அதை நோக்கி ஒரு அம்பு.

ஒரு பெட்டியில் மாட்டிக்கொண்டேன். எடைமேடை சொன்ன எடையை இன்னொரு முறை கையால் அடிக்கச் சொல்கிறது புரோகிராம். சேமித்தும் வைக்கிறது. பிறகு...? யாரும் அதை எடுப்பதில்லை. அம்பு உள்ளே வருகிறது, வெளியே போகவில்லை.

அதை அடிப்பவர் ஸ்டெல்லா அக்கா. காசிமேட்டுக்காரர். கணவர் இல்லை, இந்தச் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். என் குழந்தையை விட்டிருக்கும் கிரெஷ் மூடும் நேரத்தில் நான் கடிகாரத்தைப் பார்த்தாலே போதும் — "நீ கெளம்பு கண்ணு, பாப்பா அயுவும். சார் கேட்டா நான் சொல்லிக்கிறேன்" என்பார்.

வரைந்த படத்தைச் சுவரில் ஒட்டியதும் அக்காதான் முதலில் வந்தார்.

"இன்னாம்மா இது, பஸ் ரூட்டு மாரி கீது? இதுல நான் எங்க கீறேன்?"

காட்டினேன்.

"அட, என்னியும் போட்டுகிறியே!" என்றவர், வாட்ச்மேனைக் கூப்பிட்டார். "நைனா, இங்க வந்து பாரு. நான் படத்துல கீறேன்!"

அக்காவின் பெட்டியிலிருந்து பக்கத்துப் பெட்டிக்குப் பொய்யாக ஒரு அம்பு விட்டிருக்கலாமா? யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் இந்தப் படத்தை நம்பித்தானே எண்ணூரில் வேலை நடக்கும்...

படத்தைப் பார்க்க வந்த மேனேஜரின் பேனா நேராக அந்தப் பெட்டிக்குத்தான் போனது.

"இது எதுக்கு?"

"ஏதாவது காரணம் இருந்திருக்கும், சார்."

"என்ன காரணம்?"

புரோகிராம் என்ன செய்கிறது என்பதைத் தோண்டி எடுத்துவிடலாம். ஏன் செய்கிறது என்பதை எங்கே போய்த் தோண்டுவது? ஒருகாலத்தில் எடைமேடை அடிக்கடி பழுதாகியிருக்கலாம். "லாம்" என்பதை வைத்துக்கொண்டு யாருடைய வேலையைக் காப்பாற்ற முடியும்?

"அங்கேயும் வேணாம், இங்கேயும் வேணாம்." பெட்டியின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

நேற்று எண்ணூர் லாரியில் அக்காவின் கம்ப்யூட்டரை ஏற்றினார்கள். அக்காவை ஏற்றவில்லை.